தானியங்கிக் கதவும் கைச்சாவியும்

காவிரிப் பாசன நாட்டில் வீடு கட்டுவோர் முன்னாளில் வண்டிவாயிலுக்கென்று பெரும்பொருள் செலவிட்டதில்லை. தெருப்பக்கம் திண்ணையும் தேக்குமரக் கதவும் இருக்கும். கொல்லைப் பக்கம் மாடும் வண்டியும் நுழைவதற்கு மூங்கிற் படல் ஒன்று சாத்தியிருக்கும். படல் பழுதுற்றது என்று எவரும் உறக்கம் இழந்ததாக நாம் கேட்டதில்லை. கட்டு அவிழ்ந்தால் ஒரு வைக்கோற் பிரி போதும்; அதுவும் இல்லையேல் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வண்டியை ஓட்டுவர்.

ஒரத்தநாட்டுக்கு அணித்தாயுள்ள நம் சிற்றூர் இல்லத்திலும் 2016-ஆம் ஆண்டு வரையில் படலே இருந்தது. மறு ஆண்டு வீட்டைப் புதுப்பித்தோம். திண்ணை போயிற்று, அவ்விடத்தே ஆறடி உயர மதில் எழுந்தது, மதிலின் நடுவே, கையிலுள்ள ரிமோட்டை அழுத்தினால் தானே திறந்து தானே மூடும் இரும்புக் கதவொன்று அமைந்தது. பன்னிரண்டடி நீளமுள்ள அக்கதவு தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் ஓடும். அதனைக் காண ஊர்ச் சிறுவர் சில நாள் கூடி நின்றனர். நமக்கும் உள்ளுக்குள் சிறிது பெருமை இல்லாமற் போகவில்லை. மதில் எழுப்பிய கொத்தனார், "பக்கத்தில் ஆள் நுழைய ஒரு சிறு கதவு வையுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார். கோயிலிலும் கோட்டையிலும் பெருங்கதவு அமைத்த பண்டையோர் அதனுள்ளே ஒரு திட்டிவாசலும் வைத்தனர் என்பதை நாம் அறியாதவரல்லேம். எனினும் மதிலின் அழகு கெடும் என்று கருதி வேண்டாமென்று விட்டோம்.

அக்கதவு இயங்கும் முறையை ஈண்டு சிறிது கூறுதல் வேண்டும். நாம் அதனை அறிந்துகொண்டது காலங்கடந்தேயாம். கதவின் அடிப்புறத்தில் பற்கள் வெட்டிய நீண்ட சட்டமொன்று பொருத்தப்பட்டிருக்கும். தரையில் ஊன்றிய பெட்டியினுள் மோட்டார் இருக்கும். மோட்டாரின் பற்சக்கரம் அச்சட்டத்தின் பற்களைப் பற்றி உருள, கதவு நகரும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே திருகுபோன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் இயல்பு யாதெனில், மோட்டார் கதவைத் தள்ளலாம்; ஆனால் கதவு மோட்டாரைத் தள்ள இயலாது. மின்சாரம் நின்ற வேளையிலும் திருடன் கதவைத் தள்ளித் திறவாதபடி இவ்வேற்பாடு காக்கின்றது. திருடனைத் தடுப்பது வீட்டுக்காரனையும் தடுக்கும் என்பதைக் கதவு மாட்டிய தொழிலாளர் நமக்கு விளக்கினரோ இல்லையோ, நமக்கு நினைவில்லை. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது நாம் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கின்றது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மாலை, கஜா புயலை முன்னிட்டு மின்சாரம் நிறுத்தப்பட்டது. அவ்விரவு கடந்து 16-ஆம் நாள் அதிகாலையில் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கங்களில் அது விளைத்த நாசத்தை நம் வாசகரிற் பலர் கண்ணாரக் கண்டவர். தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்ததையும், மின்கம்பங்கள் இலட்சத்துக்கு மேல் வீழ்ந்ததையும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. காற்று உறுமிய அந்நேரமெல்லாம் நாம் அனைவரும் நடுக்கூடத்தில் ஒடுங்கியிருந்தோம். நான்கு மணியளவில் நம் தந்தையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்றார். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. காற்றுச் சற்றுத் தணியும் வரை வெளியே தலைகாட்டவும் வழியில்லை.

ஆறு மணிக்குக் காற்று அடங்கிற்று. கைபேசியில் ஓசையே இல்லை. ஆகவே ஆம்புலன்ஸை அழைக்கவும் வகையில்லை. முற்றத்தில் நின்ற காருக்கு நற்காலமாகச் சேதமொன்றும் இல்லை. தந்தையாரைத் தாங்கிவந்து பின்னிருக்கையில் கிடத்தினோம். பழக்கத்தால் ரிமோட்டை அழுத்தினோம். மின்சாரம் இல்லையென்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. நால்வர் சேர்ந்து கதவைத் தள்ளினோம். அது அசையவில்லை. கடப்பாரை கொண்டு நெம்பினோம். பற்சட்டத்தின் ஓர் ஆணி தெறித்ததேயன்றிக் கதவு ஒரு விரற்கடையும் நகரவில்லை. மதிலுக்கு மேலே தூக்கிச் செல்லலாமென்றால், அப்பால் ஏற்றிச்செல்ல வேறு வண்டி இல்லை. தெருவிலிருந்த ஆட்டோ இரண்டும் மரத்தின்கீழ் நசுங்கிக் கிடந்தன. அன்னையார் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

நாம் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை கேட்டு அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். அவர் கல்லணைக் கால்வாயில் நெடுங்காலம் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் வெட்டப்பட்டமையால், பழைய ஆறுகளுக்கு நடுவே இக்கால்வாயைப் புது ஆறு என்பது இப்பக்கத்து வழக்கு. அதன் மதகுகளில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும், கரையைக் காப்பதும், முறைவைத்து நீர் விடுவதும் அவருக்கு வாழ்நாள் தொழில். மதிலின் மேற்புறம் தலையை நீட்டி, "தம்பி, அடிக்காதே, அடித்தால் இறுகும். கையால் திறக்கிற வழி எங்கே?" என்றார்.

"ஐயா, இது மின்சாரக் கதவு, அப்படி வழியொன்றும் இல்லை" என்றோம்.

"இல்லாமல் எவனும் செய்யமாட்டான். எந்த ஷட்டருக்கு மோட்டார் வைத்தாலும் பக்கத்தில் கைப்பிடிக்கும் இடம் வைப்பான். கரண்டை நம்பி ஆற்றைப் பூட்டுவானா?" என்று சொல்லிக்கொண்டே, சாய்ந்த முருங்கை மரத்தின்மேல் கால் வைத்து மதிலேறி உள்ளே இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். மோட்டார்ப் பெட்டியை டார்ச் விளக்கால் சுற்றிப் பார்த்தார். நாம் ஓராண்டுக்கு மேலாகப் பார்த்தும் பாராதிருந்த சிறு மூடி ஒன்று பெட்டியின் பக்கத்தில் இருந்தது. அதனைத் தள்ளியபோது உள்ளே ஒரு சாவித்துளை. "இதற்குச் சாவி கொடுத்திருப்பார்களே?" என்றார்.

கொடுத்திருந்தார்கள். உத்தரவாதச் சீட்டோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொடுத்த அதனை, மதிப்புள்ள பொருளென்று கருதி, நிலப் பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். டிரங்குப் பெட்டியின் சாவியோ தந்தையாரின் அரைஞாணில் இருந்தது. நோயுற்றுக் கிடப்பவரின் இடுப்பைத் தடவிச் சாவியை அவிழ்த்து, இருட்டறையில் பெட்டியைத் திறந்து, பட்டாவும் பத்திரமும் வரி ரசீதும் கலைத்து, அவ்வுறையைத் தேடியெடுத்த நேரம் முக்கால் மணிக்குக் குறையாது. நம் வாழ்நாளில் அத்துணை நீண்ட முக்கால் மணி பிறிதொன்று இல்லை. சாவியைத் திருகி உள்ளிருந்த நெம்புகோலை இழுத்ததும், 'டக்' என்றோர் ஓசை, பற்சக்கரம் விடுபட்டது. நால்வர் தள்ளியும் அசையாத கதவைப் பெரியவர் ஒரு கையால் நகர்த்தினார்.

தஞ்சைக்குச் செல்லும் சாலையில் வீழ்ந்த மரங்களை ஊர்தோறும் இளைஞர் அறுத்து வழிவிட்டுக்கொண்டிருந்தனர். வண்டியில் நோயாளி என்று கேட்டதும் கைமரமாகத் தூக்கி ஒதுக்கினர். மருத்துவமனை சேரப் பத்து மணியாயிற்று. தந்தையார் பிழைத்தார். எனினும் இதயத்தில் ஒரு பகுதி தளர்ந்துவிட்டதென்றும், இன்னும் முன்னதாக வந்திருந்தால் நலமாயிருக்குமென்றும் மருத்துவர் கூறினார். புயலுக்கும் மரங்களுக்கும் உரிய நேரத்தைக் கழித்துவிட்டால், எஞ்சிய முக்கால் மணி நம்முடையது. தந்தையார் அதனை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அன்றுமுதல் களத்துமேட்டுக்கு நடப்பதை அவர் விட்டுவிட்டார்.

நிற்க. இத்தகைய கதவு இன்று தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் மலிந்துவிட்டது. நம் கல்லூரியிற் பயின்று இல்லறம் ஏற்றுள்ள பழைய மாணவர் பலரும் அதனை அமைத்திருப்பர். ஆதலின் நாம் பட்டும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்லுதல் பயனுடைத்தாகும்.

கதவு நின்றுவிட்டால் முதலில் கடப்பாரையைத் தேடுதல் கூடாது. கதவுக்குச் செல்லும் மின்சாரத்தை முதலில் நிறுத்துக. ஓடாத கதவுக்கு மின்சாரத்தை நிறுத்துவது எதற்கு என்று வினவலாம். நாம் கையால் தள்ளிக்கொண்டிருக்கையில் மின்சாரம் மீண்டு மோட்டார் சுழலுமாயின் விரல் பற்களிடையே அகப்படும். இரண்டாவது, கைச்சாவியால் சக்கரத்தை விடுவித்து, கதவின் நடுப்பகுதியைப் பற்றி மெல்லத் தள்ளுதல். விரைந்து தள்ளினால் பல நூறு கிலோ எடையுள்ள இரும்பு தன் விசையால் ஓடி முனையில் மோதும். முனையில் தடுப்புக்கட்டை உறுதியாக இல்லையேல் கதவு தண்டவாளத்தைவிட்டுக் கழன்று தள்ளியவர்மேலேயே சாயும். தண்டவாளத்தைவிட்டு இறங்கிய கதவை வீட்டார் நிமிர்த்த முயலவே கூடாது. குழந்தைகளை அப்பக்கம் விடாது காவலிருந்து, தொழிலாளர் வரும்வரை பொறுத்தலே தக்கது. சரிவில் அமைந்த கதவாயின் விடுவித்த மாத்திரத்தில் தானே ஓடத் தொடங்கும். ஆகவே அங்கே துணையின்றி விடுவித்தல் ஆகாது. ஆள் வெளியேறிய பின்னரே பழுதை ஆராயவேண்டும்.

பழுது பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும். ரிமோட்டின் மின்கலம் ஓய்ந்திருக்கும். அன்றேல் மின்பலகையில் ஒரு ஸ்விட்ச் விழுந்திருக்கும். அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோலும், மழைக்காலத்தில் சேறும் தண்டவாளத்தை அடைத்துக் கதவைத் தடுக்கும். 2020-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நம் கதவு பாதி வழியில் நின்றது. பெட்டியைத் திறந்தபோது மின்தட்டின்மேல் ஒரு பல்லி வெந்து கிடந்தது. பக்கத்தில் எறும்புகள் மண்சேர்த்து ஊரொன்றே அமைத்திருந்தன. மழையில் நனைந்த நம் வயல்நாட்டில் உலர்ந்த வெதுவெதுப்பான இடம் வேறெங்கே அவற்றுக்குக் கிடைக்கும்! கம்பிகள் நுழையும் துளைகளை மெழுகுபோன்ற பூச்சால் அடைத்த பிறகு அத்தொல்லை இல்லை.

ஒளிக்கண் என்பதொன்று உண்டு. வாயிலின் இருபுறத்தும் எதிரெதிரே வைத்த இரு சிறு பெட்டிகள் அவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குப் புலனாகாத ஒளி செல்லும். ஆளோ ஆடோ அவ்வொளியை மறைத்து நின்றால் கதவு மூடாது. சிலந்தி வலை கட்டினாலும், தூசி படிந்தாலும், பெட்டி சிறிது கோணினாலும் அவ்வாறே மூடாது நிற்கும். உலர்ந்த துணியால் துடைத்து நேர்செய்தால் தீரும். இவ்விடத்தே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். புயலுக்கு முன்னைய ஆண்டில் களத்துத் தூசியால் அக்கண் அடிக்கடி மறைய, தொல்லை தாங்காது, அதனை விலக்கிக் கம்பியை நேரே இணைத்துவிடும்படி தொழிலாளரை வற்புறுத்தினோம். அவர் தயங்கினார், நாம் விடவில்லை. புயலுக்குப் பின் மூன்று வாரம் கழித்து ஒருநாள் அந்தியில் மின்சாரம் திரும்பிற்று. ஊரெல்லாம் ஆரவாரம். கைச்சாவியை அன்று காலையிலேதான் பழையபடி திருகிப் பூட்டியிருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. மின்சாரம் வந்ததும் கதவு தானே மூடத் தொடங்கியது. குறுக்கே நம் செவலைக் கன்று நின்றது. கண் இருந்திருப்பின் கதவு நின்றிருக்கும். கன்றின் அலறலைக் கேட்டு ஓடி மின்சாரத்தை நிறுத்தினோம். விலாவில் தோலுரிந்ததோடு அது தப்பிற்று. கன்று நின்ற இடம் நம் தமக்கையார் மகள் மாலைதோறும் சைக்கிள் ஓட்டும் இடம். அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே ஒளிக்கண்ணை மீட்டும் பொருத்தச் செய்தோம்.

தானே திறக்கும் கதவு இக்காலத்துப் புதுமையன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் யந்திர நிபுணர் ஆலயக் கதவு ஒன்றை விவரித்துள்ளார். பலிபீடத்தில் தீ மூட்டினால் அதன் வெப்பத்தால் காற்று விரிந்து, கீழேயுள்ள பாத்திரத்து நீரை ஒரு வாளிக்குள் தள்ளும். வாளியின் பாரம் கயிற்றை இழுக்க, கதவின் தூண்கள் சுழன்று திறக்கும். தீ அவிந்தால் நீர் பழைய பாத்திரத்துக்கே மீள, எதிர்ப்பாரம் கதவை மூடும். தீ சரியாகப் பற்றாத நாளில் என் செய்தனர்? பூசாரியார் ஒருவரும் காணாதபடி கையால் தள்ளியிருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம்.

தந்தையார் மருத்துவமனையில் இருந்த நாட்களில் லஸ்கர்ப் பெரியவர் காண வந்தார். பேச்சு முக்கொம்பைப் பற்றிச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வடிந்துகொண்டிருந்த வேளையில், மேலணையின் 45 ஷட்டர்களில் ஒன்பது தம்மைத் தாங்கிய தூண்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அவ்வணை ஆர்தர் காட்டனால் 1836-இல் தொடங்கி 1838-இல் முடிக்கப்பட்டது. 180 ஆண்டு உழைத்த அணை. "உடைந்த இடத்தை அன்றே கட்டினார்களா? முதலில் கல்லும் மணல்மூட்டையும் போட்டு நீரை மறித்தார்கள். காவிரிக்கு நீர் போகவேண்டும், பயிர் இருக்கிறது. கட்டுவது பிறகு. நீ கதவைக் காப்பாற்றப் பார்த்தாய், தம்பி, அதனால்தான் அடித்தாய்" என்றார் பெரியவர். நாம் மறுமொழி சொல்லவில்லை. பின்னாளில் அவ்விடத்துக்குக் கீழ்ப்புறம் புதிய கதவணை எழுந்தது.

அவரிடம் நாம் கற்றது மற்றொன்றும் உண்டு. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். 2018-இல் ஜூலை 19-இல் திறந்தார்கள். எந்நாளில் திறந்தாலும், நீர் வருமுன் மதகுதோறும் திருகுகளில் கிரீசு தடவி, ஒவ்வொரு ஷட்டரையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவது லஸ்கர்களின் கடமை. நீர் வந்து முட்டியபின் துருவேறிய திருகை எவர் அசைப்பார்? அவர் சொற்படி 2019 முதல் ஆண்டுதோறும் ஜூன் 11-ஆம் நாள் நம் இல்லத்திலும் அவ்வழக்கம் நடைபெறுகின்றது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும், அன்னையார் உட்பட, சாவியைத் திருகிக் கதவைக் கையால் திறந்து மூடவேண்டும்; பின்னர்ச் சக்கரத்தைப் பூட்டி, பல் பற்றும்வரை கதவைச் சிறிது அசைத்துப் பார்க்கவேண்டும். முதல் ஆண்டில் அன்னையார், "இது ஆண்பிள்ளைகள் வேலை" என்றார். "அன்றிரவு ஆண்பிள்ளைகள் நால்வர் இருந்தீர்களே" என்று பெரியவர் நகைத்ததும் சாவியை வாங்கிக்கொண்டார்.

மதிலின் கீழ்ப்பக்கத்தில் ஆள் நுழையும் சிறு கதவொன்று 2019-ஆம் ஆண்டு தை மாதத்தில் வைத்தோம். பழைய கொத்தனாரே வந்து வைத்தார். முன்பு சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கூலி மட்டும் சற்றுக் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தோம். மின்சாரம் நின்றாலும் சில முறை கதவை இயக்கும் மின்கலம் ஒன்றையும் பின்னர்ச் சேர்த்தோம். ஆயினும் அதனை நம்பி மற்றதை மறப்பதில்லை. மின்கலமும் சில ஆண்டில் ஓய்வதே.

கைச்சாவி இப்பொழுது நிலைக்கதவின் உட்புறத்தே, நாட்காட்டி மாட்டிய ஆணிக்கு அடுத்த ஆணியில் தொங்குகின்றது. மற்றொன்று பெரியவர் வீட்டில் உள்ளது. மாலையில் தந்தையாரோடு பேசியிருக்க அவர் வருவார். சிறு கதவு வழியே நுழைந்து, செருப்பைக் கழற்றி, முதலில் அந்த ஆணியை ஒருமுறை பார்த்துவிட்டே நாற்காலியில் அமர்வார்.